கன்று மட்டும் கேட்காதீர்கள்

தொட்டியத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு வாழைத் தோட்டம் பார்க்க மலையேறும் வேலை என்ன என்று வீட்டில் கேட்டார்கள். பழனிக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் பஞ்சாமிர்த டப்பாவை வழித்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அதற்குள் இருக்கும் விருப்பாட்சி மலைவாழை விளைகிற மண்ணை ஒருமுறையாவது மிதித்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. போன மாதம்தான் கைகூடியது.

திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். அய்யம்பாளையம் தாண்டியதும் சாலை மேலேறத் தொடங்குகிறது. பெரும்பாறையை நெருங்கும்போது காற்றில் காப்பிப் பூ வாசனை. கீழ்ப்பழனி மலை என்று இந்தப் பகுதியைச் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர் எல்லாம் இதில் அடங்கும்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் எனக்கு வாழையே தென்படவில்லை. எங்கள் ஊரில் வாழை என்றால் கயிறு பிடித்ததுபோல் வரிசை, நடுவில் வாய்க்கால், குலை சாயாமல் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பு. இங்கே சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும் உயர்ந்து நிற்க, அவற்றில் மிளகுக் கொடி படர்ந்திருக்க, கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவே, 12 அடிக்கு ஒன்றாக வாழை நின்றது. வாய்க்கால் கிடையாது, மழைதான் பாசனம். காப்பிச் செடி சிறிதாக இருக்கும்போது அதற்கு நிழல் தருவதே இந்த வாழைதான்.

தோட்டத்துக்காரர் எழுபதைத் தாண்டியவர். விருந்தாளி வருகிறான் என்று ஒரு சீப்புப் பழத்தை எடுத்து வைத்திருந்தார். தோல் கறுத்துச் சுருங்கி, எறிந்துவிட வேண்டிய பழம் போல இருந்தது. தயங்கினேன்.

“உரித்துப் பாருங்கள், தம்பி” என்றார்.

உள்ளே சதை கெட்டியாக, இளமஞ்சளாக, துளிகூட நீர்விடாமல் இருந்தது. மணம் கையில் வெகுநேரம் நின்றது. விருப்பாட்சி மலைவாழையின் பெருமையே இந்த நீர் குறைந்த சதைதான். பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு, அவ்வளவுதான். பழத்தில் நீர் அதிகம் இருந்தால் அது சீக்கிரமே புளித்துப் போகும். இந்தப் பழத்துக்கும் அண்டையில் விளையும் சிறுமலைப் பழத்துக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல்தான் கிடைத்தது. பழம் முந்திக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி.

மலையடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது விருப்பாட்சி. வெள்ளையரை எதிர்த்து நின்ற பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஊர். அந்த ஊரின் பெயரைத்தான் மலையில் விளையும் பழம் சுமக்கிறது.

“அந்தக் காலத்தில் ஒருமுறை நட்டால் போதும்” என்றார் பெரியவர். “எங்கள் அப்பா நட்ட கிழங்கிலேயே நானும் குலை வெட்டியிருக்கிறேன்.” வாழையடி வாழை என்று நாம் வாழ்த்தாகச் சொல்வதை இந்த மலை அப்படியே வாழ்ந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இந்த மலைகளில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் மலைவாழை இருந்தது. பிறகு அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. காரணம் முடிக்கொத்து நோய்.

நோய் கண்ட கன்று ஒன்றைக் காட்டினார். இலைகள் விரியாமல், குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருக்கியடித்து நின்றன. ஓர் இலையை வளைத்து, அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டினார். காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறிப்பு எழுதியதுபோல் இருந்தது. குருத்தின் இடுக்கில் கடுகைவிடச் சிறிய கறுத்த அசுவினிப் பூச்சிகள் ஒட்டியிருந்தன. அவைதான் வைரஸை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. இளம் பருவத்தில் நோய் பிடித்த வாழை குலை தள்ளாது. மருந்தும் கிடையாது. அசுவினியை முதலில் கொன்று, மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றே வழி.

அசுவினியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிழங்குக்குள் புகுந்த நோய் அதிலிருந்து வெடிக்கும் கன்றுகளுக்கும் போய்விடும் என்பதுதான் கொடுமை. நாம் சாப்பிடும் வாழைக்கு விதை இல்லை. அக்குமினாட்டா, பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்கள் கலந்து பிறந்தது விருப்பாட்சி. அதில் முதலாவதன் பங்கு இரண்டு, அடுத்ததன் பங்கு ஒன்று. காட்டு வாழையில் பழம் நிறையக் கல் போன்ற விதைகள் இருக்கும். நம் பழத்தின் நடுவே தெரியும் சிறு கறுப்புப் புள்ளிகள் உருவாகாமலே நின்றுபோன விதைகள். விதை இல்லாததால் மனிதன் கன்றைப் பெயர்த்து நட்டுத்தான் வாழை உலகம் சுற்றியது. நியூகினித் தீவின் குக் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழையை நட்டு வளர்த்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அன்று தொடங்கிய கைமாற்றம் இன்னும் நிற்கவில்லை.

நோயும் அதே கைகளில்தான் வந்தது. 1889இல் பிஜித் தீவில் முதன்முதலாகப் பதிவானது. 1913இல் இலங்கையில் கண்டார்கள். 1940 வாக்கில் அங்கிருந்து கேரளத்துக்கு வந்தது. பிறகு மலையேறிவிட்டது. நல்ல ரகம் என்று ஆசையாக வாங்கிவந்த கன்றுகளுக்குள் ஒளிந்து பயணம் செய்திருக்கிறது.

இதே மலையில், தடியன்குடிசையில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. தாய்ச்செடியில் வைரஸ் இல்லை என்று எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் உறுதிசெய்துகொண்டு, அதன் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து உருவாக்கிய கன்றுகளைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குக் கொடுத்தது. மலைவாழை மீண்டும் தலையெடுத்தது அப்படித்தான். பெரியவரின் தோட்டத்திலும் அந்தக் கன்றின் வழிவந்தவை நிற்கின்றன. தினமும் காலையில் இலையடியைப் பார்த்துக்கொண்டே நடப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. காட்டுமாடு இறங்கினால் அந்த நடையும் கெட்டுவிடுகிறது.

கிளம்பும்போது வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “ஐயா, ஊரில் வைக்க ஒரு கன்று தருவீர்களா?”

அவர் முகம் மாறியது. “எத்தனை சீப்பு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. கன்று மட்டும் கேட்காதீர்கள். என் மரம் நல்ல மரம்தான். ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியாதே. உங்கள் காவிரிக் கரைக்கு நான் எதையும் அனுப்பிவைக்க மாட்டேன்.”

இரண்டு சீப்பைத் துணிப்பையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார் அவர் மனைவி. பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.