மானியம் கிடைத்தும் கையில் காசில்லை: அமெரிக்கச் சிறு அமைப்புகள் கவனிக்க வேண்டியவை

அமெரிக்க மத்திய வங்கியின் 2022 குடும்ப நிதிக் கணக்கெடுப்புப்படி வெள்ளையினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுக்கு அது 44,900 டாலர்தான். 1930களிலிருந்து கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்துவந்தது. வீடு இல்லாதவரிடம் தொழில் தொடங்க அடமானம் வைக்கவும் ஒன்றுமில்லை. தொழில்பயிற்சி, சிறுகடன், மக்களின் சேமிப்புக்கு இணையாகத் தரும் தொகை என்று வரும் மானியங்கள் இந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பப் பார்க்கின்றன. ஆனால் அந்த வட்டாரத்திலேயே முளைத்த சின்ன அமைப்புகள்தான் விண்ணப்பத்தில் அதிகம் தடுக்கி விழுகின்றன. அது நமக்கு மனசு ஆறாத விஷயம்.

முதலில் 501(சி)(3), அதாவது தொண்டு அமைப்புகளுக்கான வரிவிலக்கு. ஆண்டு வரவு 50,000 டாலருக்குள்ளும் சொத்து 2,50,000 டாலருக்குள்ளும் இருந்தால் பெரும்பாலும் 1023-ஈஇசட் என்ற சுருக்க விண்ணப்பப் படிவமே போதும், கட்டணம் 275 டாலர். முழுப் படிவத்துக்கு 600. வரிவிலக்கு கிடைக்கும்வரை காத்திருக்க முடியாதென்றால், வரிவிலக்கு உள்ள வேறொரு அமைப்பின் குடைக்குள் நின்று மானியம் வாங்கலாம். அவர்கள் தொகையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள், அதையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். கூட்டரசு மானியத்துக்கு சாம் டாட் கவ் (SAM.gov) தளத்தில் பதிவு வேண்டும். அது இலவசம், ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அமைப்பின் பெயரும் முகவரியும் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

அடுத்தது, யாருக்குக் கொடுக்கிறோம் என்று எழுதும் வரி. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் வழங்கிய ஃபியர்லெஸ் ஃபண்ட் போட்டி, ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1866 குடிமை உரிமைகள் சட்டத்தை மீறியிருக்க வாய்ப்பு அதிகம் என்று 11ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. செப்டம்பரில் சமரசம் ஆகி அந்தப் போட்டியே மூடப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்தவர்களுக்காக எழுதிய சட்டம் அது. அதை வைத்தே கதவை அடைத்தது நம் பார்வையில் பெரிய அநியாயம். ஆனாலும் விண்ணப்பம் எழுதுகிறவர் இன்றைய நிலையை வைத்துத்தான் எழுத வேண்டும். வருமான வரம்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரம், வங்கியில் கடன் மறுக்கப்பட்டவர் போன்ற அளவுகோல்களை வைத்து எழுதுங்கள். எதையும் அனுப்பும் முன் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பணம் கரையும் இடம் பட்ஜெட். வாடகை, மின்சாரம், கணக்காளர் சம்பளம் போன்ற மறைமுகச் செலவைப் பலரும் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூட்டரசு மானியத்தில், தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாதவர்கள் 15 சதவீதம் வரை கேட்கலாம். 2024 அக்டோபருக்கு முன் 10தான். இதிலும் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி வரும். நேரடிச் செலவு 80,000 டாலர், அதில் பயிற்சி பெறுவோருக்கான உதவித்தொகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 20,000 அடிப்படைத் தொகையில் சேராது. மிச்சம் 60,000க்கு 15 சதவீதம், ஆக 9,000. 12,000 என்று எழுதினால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

இதைவிட ஆபத்தானது செலவழித்த பின் ஈடுசெய்யும் மானியம். மாதம் 10,000 டாலர் செலவு என்றால், முதல் மாத பில்லை இரண்டாம் மாதத் தொடக்கத்தில் அனுப்புவீர்கள். காசு வர 60 நாள் ஆகும். அதற்குள் கையிலிருந்து 30,000 போயிருக்கும். நல்ல திட்டம் கையில் இருந்தும் சம்பளம் போட முடியாமல் அமைப்பு நின்றுபோவது இதனால்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே முன்பணம் கேளுங்கள். கூட்டரசு விதிகளே, எழுத்துவடிவ நிதி நடைமுறையும் ஒழுங்கான கணக்கும் வைத்திருப்பவர்களுக்கு முன்பணம் தரச் சொல்கின்றன. அந்த நடைமுறையை நாலு பக்கத்தில் எழுதி, நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு வைத்தால் கேட்க வாய் இருக்கும். தனியார் அறக்கட்டளையிடம் கால் பங்கையாவது முதல் நாளே தரமுடியுமா என்று நேரடியாகக் கேட்கலாம்.

உங்கள் அமைப்பிடம் உதவி பெறும் கடைக்காரரிடமும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தொழிலுக்கு வரும் மானியம் பொதுவாக வரிக்கு உட்பட்ட வருமானம். 5,000 டாலரையும் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் போட்டுவிட்டு ஏப்ரலில் வரி கட்டக் கடன் வாங்கும்படி ஆகிவிடக் கூடாது.

வரவு 50,000 டாலரைத் தாண்டாத அமைப்புகளுக்கு ஆண்டறிக்கை 990-என், இணையத்தில் பத்து நிமிட வேலை. மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாமல் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். செயலாளர் மாறும்போதுதான் இது விடுபடும், ஆகவே இரண்டு பேரின் காலண்டரில் குறித்து வையுங்கள்.