உத்தரியம் போட்ட அணி

பார்சலோனாவுக்குப் போகிறோம் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "மெஸ்ஸி ஆடின கிரவுண்டைப் பார்ப்பியா?" 2024 ஆகஸ்டில் நாங்கள் வந்து இறங்கியபோது மெஸ்ஸி மயாமியில் இருந்தார். அவர் ஆடின பார்சா கிளப்பின் மைதானம் கேம்ப் நௌ, புதுப்பிப்பதற்காகப் பாதி இடிக்கப்பட்டு, மேலே கிரேன்கள் நின்றன. பார்சா மோன்ஜுயிக் மலையில் ஆடிக்கொண்டிருந்தது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

வேலை கணவருக்கு. அவருடைய விசாவுக்குப் பின்னால் வால்போல நான். கிராசியா பகுதியில் ஐந்தாம் மாடியில் வீடு, இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் லிஃப்ட். முதல் மூன்று மாதமும் தாள்களோடுதான் கழிந்தது. இந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று நகராட்சியில் பதிய வேண்டும். அதற்குப் பெயர் எம்பாத்ரோனமியென்டோ. அதைச் சொல்லிப் பழகவே ஒரு வாரம் ஆனது. அப்புறம் வெளிநாட்டவர் அட்டைக்குக் கைரேகை வைக்க வேண்டும். அதற்கு முன்பதிவு, இவர்கள் மொழியில் 'சீதா பிரேவியா'. சீதா என்று கேட்டதும் யாரோ நம்மூர்ப் பெண் என்றுதான் நினைத்தேன். ராத்திரி பன்னிரண்டு, காலை எட்டு என்று எப்போது திறந்தாலும் இணையதளம் 'இப்போது இடம் இல்லை' என்றே சொன்னது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மூன்றாம் மாடிப் பாட்டியை லிஃப்டில் பார்த்தேன். கழுத்தில் வெள்ளையும் நீலமும் கலந்த துண்டு. எழுபதைத் தாண்டியவர். இங்கே வயதானவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்றும் நாக்கு வளையாது, மனசுக்குள் பாட்டிதான். "ஃபுட்பால் பிடிக்குமா?" என்றார். எனக்குத் தெரிந்த நாற்பது ஸ்பானிய வார்த்தைகளில் ஒன்று 'ஆம்'. "சரி, நாளைக்கு வா."

எங்கள் ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. அங்கே பந்து மணலில் உருளும். அண்ணன்மார் அணிக்கு ஏழு பேராகச் செவன்ஸ் ஆடுவார்கள். பெண்பிள்ளைகள் கோயில் மதிலோரம் நின்று, பார்க்காதது மாதிரி பார்ப்போம். மைதானத்துக்குள் போய் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தது இங்கேதான், முப்பத்திரண்டு வயதில்.

அல்ஃபோன்ஸ் பத்து மெட்ரோ நிலையத்திலிருந்து கொஞ்சம் ஏறினால் நோவ் சர்தேஞா மைதானம். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் துணி காய்கிறது. செயற்கைப் புல். ஆடுவது எவுரோப்பா கிளப். சட்டை வெள்ளை, நெஞ்சில் நீல நிறத்தில் 'வி' வடிவம். அதனால் அவர்களுக்கு எஸ்கபுலாட்ஸ் என்று பட்டப்பெயர். பாட்டி கழுத்திலிருந்து நெஞ்சுவரை விரலால் கோடு போட்டு விளக்கியதும் புரிந்துவிட்டது: உத்தரியம்! அம்மா கழுத்தில் கயிற்றில் கிடக்கும் புனிதத் துணித்துண்டு, அதே உத்தரியம். ஊருக்கு போன் போட்டு, "அம்மா, இங்க ஒரு டீமே உத்தரியம் போட்டு ஆடுது" என்றேன். அம்மாவுக்கு அன்றைக்கே அந்த அணி ஜெயிக்க வேண்டியதாகிவிட்டது.

கிளப் தொடங்கியது 1907இல். 1923இல் ஸ்பெயினின் கோப்பை இறுதியாட்டம்வரை போய் பில்பாவோவிடம் தோற்றிருக்கிறது. 1929இல் ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகா தொடங்கியபோது இருந்த பத்து அணிகளில் இதுவும் ஒன்று. 1931இல் கீழே இறங்கியது. அந்த மேல்தளத்துக்கு இன்னும் திரும்பவில்லை. நான் பார்த்த 2024-25 சீசனில் செகுந்தா ஃபெதரசியோனில் இருந்தது. பெயரில் 'இரண்டாவது' இருந்தாலும் உண்மையில் அது நான்காம் படி. மொத்தம் ஐந்து குழுக்கள், குழுவுக்குப் பதினெட்டு அணிகள், முப்பத்துநான்கு ஆட்டங்கள். முதலிடம் பிடித்தால் நேரே மேலே. இரண்டு முதல் ஐந்து வரை வந்தவர்கள், மேலே போவது யார் என்று பிளேஆஃப் ஆட்டங்கள் ஆடித் தீர்க்க வேண்டும். எதிரணிகள் மல்லோர்கா, இபிசா தீவுகளிலிருந்தும் வரும்.

ஆட்டத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது பீப்பாஸ், அதாவது உப்புப்போட்ட சூரியகாந்தி விதை. கேலரி முழுக்கக் கொறிக்கிறது. கையால் தோலுரிக்கக் கூடாதாம். பல்லில் நிமிர்த்தி வைத்துக் கடித்து, நாக்கால் பருப்பை எடுத்துக்கொண்டு தோலைத் துப்ப வேண்டும், கண் பந்தை விட்டு நகராமல். முதல் நாள் பாதி விதையைத் தோலோடு விழுங்கினேன். கார்த்திகை மாதம் வாக்கில் கொறித்துக்கொண்டே ரெஃபரியைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டேன். பீர் விற்கிறார்கள், ஆனால் போதை இல்லாதது. மைதானத்துக்குள் மது கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். இடைவேளையில் பாட்டி பையிலிருந்து அலுமினியத் தாளில் சுற்றிய போகடீயோவை எடுத்து, கேட்காமலே பாதியைப் பிய்த்துத் தருவார். தக்காளி தேய்த்த ரொட்டி, நடுவில் ஆம்லெட்.

ஸ்பானியத்தோடு இங்கே பேசும் உள்ளூர் மொழியான கத்தலான் எனக்கு அந்தக் கேலரியில்தான் வந்தது. முதல் வார்த்தை 'பிங்கா'. ஓடு, விடாதே, போகலாம், போனை வைக்கிறேன் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. நம்முடைய 'சரி' மாதிரி. அரசு நடத்தும் இலவச வகுப்பில் சேர்ந்தபோது, ரெஃபரியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு சொற்றொடரை நல்ல வார்த்தை என்று நினைத்துச் சொன்னேன். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதே நகரத்தின் இன்னொரு அணியான சாண்ட் அந்த்ரெவுவோடு டெர்பி, அதாவது உள்ளூர்ப் போட்டி, நடந்தபோது எங்கள் தெருவே வேறு மாதிரி இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் முதல்தடவையாக என்னிடம் வானிலையைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிப் பேசினார். ஜனவரியில் சளிக்காய்ச்சலால் ஒரு ஆட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் படியேறி வந்து கதவைத் தட்டிய பாட்டி நலம் விசாரிக்கவில்லை. "எங்கே போனாய்?" என்று அதட்டினார். ஐந்து மாதமாக இந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அந்த மாதமே கைரேகைக்கு இடம் கிடைத்தது. அட்டையும் வந்தது. அதில் என் அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருந்தது. போகட்டும்.

எவுரோப்பா குழுவில் முதலிடம் பிடித்தது. மேல் பிரிவுக்கு ஏறியது. பாட்டி அழுதார், நானும் அழுதேன். அம்மா ஊரில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கொண்டாட்டம் அடங்குவதற்குள் அடுத்த பேச்சு கிளம்பியது: மேல் பிரிவில் இயற்கைப் புல்லில்தான் ஆட வேண்டும் என்று விதி, நோவ் சர்தேஞாவில் இருப்பதோ செயற்கைப் புல். அப்படியானால் சொந்த மைதானத்தில் ஆட முடியுமா?

லிஃப்டில் பாட்டி கொதித்துக்கொண்டிருந்தார். "முப்பத்துநாலு ஆட்டம் ஆடி ஜெயிச்சாச்சு. இப்ப வந்து புல்லுக்கு அனுமதி வேணுமாம், தாள் வேணுமாம்!"

"சீதா பிரேவியா எடுத்தாச்சா?" என்றேன்.

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்ற பிறகும் கதவைத் திறக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தார். மேலே யாரோ லிஃப்டுக்காகக் கதவைத் தட்டினார்கள். "பிங்கா, பிங்கா" என்று பாட்டியைப் பார்த்துக் கத்தினேன்.