கதவு பூட்டியிருந்ததாம்

அப்பாவின் காது மெஷின் பழுதாகி, ரிப்பேருக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தோம். சரிசெய்து கூரியரில் போட்டாச்சு என்று கடைக்காரர் ட்ராக்கிங் நம்பர் அனுப்பினார். பார்சல் 2 நாளில் மதுரைக்கு வந்துவிட்டது. மதுரையிலிருந்து திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரத்தான் 11 நாள்.

முதல் நாள் நான் ஆபீஸில் இருந்தேன். சாயங்காலம் மெசேஜ் வந்தது: கதவு பூட்டியிருந்ததால் டெலிவரி செய்ய முடியவில்லை. வீட்டில் அப்பா மட்டும்தான். பெல் அடித்தது அவருக்குக் கேட்டிருக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "வாசல்லதான்ப்பா உக்காந்திருந்தேன், கேட்டு தெறந்துதான் கெடந்துச்சு" என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. காது கேட்காதவரிடம் சத்தமாகப் பேசுவது வேறு, கத்துவது வேறு. நான் கத்தினேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கீரைக்காரம்மா வந்தார், கேஸ்காரர் வந்தார். பார்சல் வரவில்லை. இரவு 7.42-க்கு மெசேஜ்: வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஒரே போன், லோன் வேணுமா சார் என்று கேட்ட ஒரு பெண்ணுடையது. திரும்பிப் பார்த்தேன். அப்பா உள்ளே சத்தமே இல்லாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்டமர் கேரில் ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று சுற்றி ஒரு ஆளைப் பிடித்தால், "48 மணி நேரத்துல சரியாயிரும் சார்" என்றார். மூன்றாம் நாள் மெசேஜ்: முகவரி தவறு. திருநகரில் எத்தனையாவது ஸ்டாப் என்று சொன்னால் போதும், ஷேர் ஆட்டோக்காரர்கூட வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். எங்கள் முகவரியில் ஸ்டாப்பும் இருந்தது, பின்கோடும் இருந்தது.

நாலாம் நாள் காலை 7 மணிக்குக் கப்பலூர் பக்கம் இருந்த அவர்கள் குடோனுக்கே போனேன். பையன்கள் பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் அது. கொஞ்சம் தாமதித்தால் யாரையும் பிடிக்க முடியாது. எங்கள் ஏரியாவுக்கு வரும் பையனைக் கண்டுபிடித்துக் கேட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் மறைக்கவே இல்லை. "பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் சார் காசு. பெட்ரோலும் எங்க கைக்காசு. உங்க பக்கம் அன்னிக்கு ஒரே ஒரு பார்சல். ராத்திரிக்குள்ள ஏதாச்சும் காரணம் போட்டாத்தான் ஆப்புல கணக்கு முடியும்." ஆப்பில் வரிசையாகக் காரணங்கள் இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் போதும். 'போகவில்லை' என்ற காரணம் மட்டும் அதில் இல்லை.

மூன்று தடவை முயன்றாகிவிட்டது என்று கணக்கு ஆகிவிட்டதால், பார்சல் முந்தைய இரவே சென்னைக்குத் திரும்பிப் போயிருந்தது. குடோன் மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன். அவர்களுக்கு வாடிக்கையாளர் நான் இல்லை, காசு கட்டி அனுப்பிய கடைக்காரர்தான். பார்சலை மறுபடி மதுரைக்கே திருப்பிவிடுங்கள் என்று அவர் சொன்னால்தான் நடக்கும். உடனே கடைக்காரருக்குப் போன் போட்டேன். பாவம், அவர் தன் பங்குக்கு மெயில் மேல் மெயிலாக அனுப்பினார்.

அன்றைக்கே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் கொடுத்தேன். தமிழிலேயே பேசலாம். மூன்று மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட், அந்த நாட்களின் கால் பட்டியல், எதிர்வீட்டு கேமராவில் எங்கள் கேட் திறந்தே கிடக்கும் வீடியோ, எல்லாம் கையில் வைத்திருந்தேன். 1915 கோர்ட் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். அதற்கே ஒரு மரியாதை இருக்கிறது. அதுவரை 48 மணி நேரம் பாடியவர்கள், இரண்டாம் நாள் தாங்களாகவே கூப்பிட்டார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடைக்காரர் அனுப்பிய ரசீதின் பின்பக்கத்தில், தொலைந்தால் 100 ரூபாய்தான் தருவோம் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது வேறு வயிற்றைக் கலக்கியது. ரிப்பேர் செலவே அதைப்போலப் பல மடங்கு.

11-ஆம் நாள் மத்தியானம் அதே பையன் வந்தான். பெல்லை விடாமல் அடித்தான். அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். மோர் கொடுத்து அனுப்பினார்.

மெஷினை மாட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். "அன்னிக்கு என்னமோ கத்துனியே, ஒண்ணும் காதுல விழல. இப்பச் சொல்லு, கேப்போம்" என்றார்.