ஒன்பதால வகுபடுதா பாரு

எங்கள் காமர்ஸ் சார் காலமான செய்தி பழைய வகுப்புக் குழுவில் வந்தபோது ஷார்ஜாவில் விடியவில்லை. அன்று மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நாள். அலுவலகம் போகக் கால் எழவில்லை.

1987 ஜூன், பி.காம். முதல் நாள் வகுப்பு. சார் ஒவ்வொருவராக எழுப்பி, "எதுக்குல காமர்ஸ் எடுத்த?" என்றார். பேங்க் வேலை என்றவர்கள்தான் பாதி. டவுனில் அப்பாவுக்கு மளிகைக்கடை என்றான் ஒருவன். சி.ஏ. படிக்கணும் என்றான் இன்னொருவன். பிசிக்ஸில் இடம் கிடைக்காமல் வந்தவர்களும் உண்டு. நான் "மார்க்கு அவ்வளவுதான் சார்" என்றேன். பொய். நெல்லைப் பக்கம் முக்கூடலில் அம்மா பீடி சுற்றினாள். இலை குறைவு, கழிவு பீடி என்று கூலியில் பிடித்துக் கடைக்காரர் பாஸ்புத்தகத்தில் எழுதியதை அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதைப் படித்து நியாயம் கேட்கத்தான் காமர்ஸ் எடுத்தேன். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சம்.

கார்த்திகை மாதம் என் ட்ரயல் பேலன்ஸ், பற்றும் வரவும் சமமாக வரவேண்டிய பட்டியல், 270 ரூபாய் இடித்தது. காரணம் தெரியாத தொகையைப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில், சார் வாய்க்கு அனாமத்தில், தூக்கிப் போட்டுச் சரிக்கட்டினேன். நோட்டை வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார். "அடுத்தவன் காசுல இது! தெரியலன்னா அனாமத்துல போட்டுட்டுப் போயிருவியோ?" எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மணி அடித்ததும் பக்கத்தில் உட்கார வைத்தார். "வித்தியாசம் ஒன்பதால வகுபடுதா பாரு. வகுபட்டா எண்ணு இடம் மாறியிருக்கும். இல்லன்னா பாதியாக்கித் தேடு, பற்று வரவுல பக்கம் மாறியிருக்கும்." 1,520-ஐ 1,250 என்று எடுத்தெழுதியிருந்தேன். கூலிக் கணக்கில்.

மறுநாள் அம்மாவின் பாஸ்புத்தகத்தை நீட்டினேன். பென்சிலை எடுத்து வாரம் வாரமாகக் கூட்டினார். நாலு வாரம் கூலி குறைந்திருந்தது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார், குரல் இறங்கி.

1990-ல் பட்டம். அந்த ஆண்டுதான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. எங்கள் சான்றிதழில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். "ஊர்ல ஒரு மேசை போட்டு உக்காரு. பீடிப் பொம்பளையளுக்கு பி.எஃப். பாரம் நிரப்ப ஆளில்ல" என்றார் சார். ரெண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன்.

2018 ஜனவரியில் இங்கே, அமீரகத்தில், 5 சதவீத வாட் வரி வந்தது. கம்பெனியின் முதல் ரிட்டர்னை நான்தான் தயாரித்தேன். வித்தியாசம் இடித்தபோது ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், பிடிபட்டது. அன்றாவது போன் போட்டிருக்கலாம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நெல்லை வண்ணார்பேட்டையில் அவர் தெருமுனையைத் தாண்டித்தான் முக்கூடல் போவேன். மேசை போட்டியா என்று கேட்டுவிடுவாரோ என்று ஒருமுறைகூட இறங்கவில்லை.