சொந்த ஊரில் றூம் தேடுதல்

கனடா அண்ணன் குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வருகிறார் என்றதும் அம்மா நுளம்பு வலையெல்லாம் தோய்த்துக் காயப்போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது. "தம்பி, பிள்ளையளுக்கு ஏசி இல்லாட்டி நித்திரை வராது. நல்ல றூம் ஒண்டு பார். கோட்டைக்குக் கிட்ட இருக்கோணும், கடலும் தெரியோணும், ராவில மீன் பாடுறதும் கேக்கோணும்."

கோட்டை இருப்பது புளியந்தீவில். கடல் கல்லடியில். நடுவில் வாவி. மீன் பாட்டுக்கோ, நிலாக் காலத்தில் வள்ளத்தில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைக்க வேண்டும் என்பார்கள். அதுவும் பாலத்தடியில். ஆக, 1924இல் கட்டின பழைய பாலத்தின் நட்டநடுவில் கட்டில் போட்டால் அண்ணன் கேட்ட எல்லாம் சரிவரும். ஏசிதான் தேவையில்லை, காற்று சும்மா அள்ளும்.

பாசிக்குடாவில் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். கடல் அமைதி, இடுப்பளவுத் தண்ணீருக்கே அரை மைல் நடக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பயமில்லை. ஆனால் அது 30 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அண்ணிக்கு மாமாங்கேஸ்வரர், பிள்ளைகளுக்கு முகத்துவாரத்து வெளிச்சவீடு, அண்ணனுக்குத் தான் படித்த பள்ளிக்கூடத்து மதிலடியில் நின்று கண்ணீர் விட நேரம். தினமும் யார் வேன் பிடிப்பது? நான்தான். அந்த யோசனை அத்தோடு சரி.

அந்தக் கோட்டை மோகமும் எனக்கு விளங்கவில்லை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்களாம், பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்களாம். எங்களுக்கு அது பழைய கச்சேரி, மாவட்டச் செயலகம் கனகாலம் இருந்த இடம். ஒரு கையெழுத்துக்காக அங்கே வரிசையில் நின்று கால் கடுத்தவன் எவனும் பீரங்கியோடு நின்று படம் எடுத்திருக்க மாட்டான்.

சரி, தேடப் போனேன். இந்த ஊரில் பிறந்தவன் இந்த ஊரில் றூம் கேட்டுப் போகவே கூடாது. முதலாவது இடத்தில் கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டையைக் கேட்டார். விலாசம் கல்லடி. என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், வாசலில் நின்ற ஓட்டோவை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை மணித்தியாலத்துக்கு?"

"ஐயோ, எனக்கில்லை. கனடாவில இருந்து அண்ணன் வாறார்."

"ஓமோம்" என்றார். அந்த ஓமோம் இருக்கிறதே!

அதுக்குப் பிறகு இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வர முதலே மனைவிக்கு மூன்று பேர் போன் எடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் முன்வீட்டு மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம், படலை தாண்டுவதில்லை. செய்தி மட்டும் தானாக நடந்து போய்விடும். அண்ணனின் குரல்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்குப் பிளேன்டீ கிடைத்தது.

கடைசியில் கல்லடியில் வாவிப் பக்கமாக ஒரு மாடி அறை பிடித்தது. முற்பணம் கட்டப் போகும்போது அம்மாவும் ஓட்டோவில் ஏறிவிட்டார். வழி முழுக்க ஒரே பாட்டு: "ஊடு கிடக்க, காசு குடுத்து ஆராவது படுப்பானா மனே? நான் செத்தா போயித்தன்?"

அறைக்குள் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரி மேல் விரலால் தடவித் தூசி தேடினார். குளியலறைத் தண்ணீரைத் திறந்து மூடினார். பிறகு ஜன்னலடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். வாவி, வலை வீசும் தோணி, இரண்டு பாலமும், அங்கால புளியந்தீவு. இத்தனை வருசமும் அதே பாலத்தால் மீனும் மரக்கறியும் சுமந்து திரிந்தவர்.

மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். கூட வந்த பெடியனிடம் கேட்டார்: "பெட்சீட்டெல்லாம் ஆரு தம்பி தோய்க்கிற?"

"நாங்கதான் அம்மா. நீங்க சும்மா இருக்கலாம்."

"காலச் சாப்பாடு?"

"அதுவும் நாங்கதான்."

கொஞ்ச நேரம் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "கொண்ணனிட்ட சொல்லு, இன்னொரு றூமும் போடச் சொல்லி. பிள்ளையள் ராவில என்னைத் தேடுங்கள்."

பிள்ளைகள் இதுவரைக்கும் அம்மாவை வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கின்றன. நான் இரண்டு றூமுக்கும் முற்பணம் கட்டினேன்.