மொட்டை மாடிச் சூடு

இரவு 11 மணி. திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடித் தரை இன்னும் சுடுகிறது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித்தான் பாய் விரித்தேன். புகையில் வரும் கார்பன் டை ஆக்ஸைடுதான் பூமியைச் சூடாக்குகிறது என்று ஆயாவிடம் சொன்னேன். (மாடிச் சூட்டில் சிமெண்டுக்கும் பங்கு உண்டு, எல்லாப் பழியையும் புகை மேல் போட முடியாது.)

"கண்ணுக்கே தெரியாத கார்பன் டை ஆக்ஸைடு எப்படிடா சூடாக்கும்?" என்று ஆயா கேட்டது. வெயிலை உள்ளே விட்டுவிடும் ஆயா, தரை திருப்பி விடுகிற அனலைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றேன். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் எரிக்கத் தொடங்கும் முன் காற்றில் இந்த வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அப்படிச் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.

காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் கூடை சுமந்த ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ மீனு எங்கடா போய்ப் படுக்கும்?" என்றது.