சைக்கிள், கான்டாக்ட் லென்ஸ், கொஞ்சம் எம்சாண்ட்

இரண்டு வருடம் முன்பு வரை கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சைக்கிள் ஓட்டினேன். வலது கண்ணுக்கு மைனஸ் 5.50, இடது கண்ணுக்கு 4.75, இரண்டிலும் கொஞ்சம் சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததற்கான திருத்தம். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் வருவது மாநகரப் பேருந்தா, கோயில் தேரா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆள் எதற்கு நாற்பத்து மூன்று வயதில் லென்ஸ் போடப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

வியர்வை ஒரு காரணம், அது எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் விடிகாலை ஐந்து மணிக்குச் சென்னை திருவான்மியூரில் கிளம்பினால் அக்கரை தாண்டுவதற்குள் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிடும், ஒரு கையால் தள்ளிக்கொண்டே ஓட்ட வேண்டும். இன்னொரு காரணம் ரோடு பைக் ஓட்டுபவர்களுக்குத்தான் புரியும். கைப்பிடியின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தோம் என்றால் தலை கீழே போய்விடும், கண் மட்டும் மேலே பார்க்கும், அப்போது நாம் பார்ப்பது கண்ணாடி வழியாக இல்லை, ஃபிரேமுக்கு மேலே இருக்கும் வெற்றிடம் வழியாக. அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எனக்கு முன்னால் இருப்பது வெறும் மங்கல். ஒரு நாள் உத்தண்டி டோல் தாண்டியதும் படுத்திருந்த நாயைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மறுநாளே கண் மருத்துவமனைக்குப் போய்விட்டேன்.

லென்ஸ் என்பது கடையில் பவர் சொல்லி வாங்கிவரும் பொருள் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் கருவிழியின் வளைவை ஒரு மெஷினில் அளந்தார்கள். பிறகு கண்ணீர் எவ்வளவு நேரம் கண்ணின் மேல் படலமாக நிற்கிறது என்று பார்க்க ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். பவரும் மாறியது. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணோடு ஒட்டி நிற்கிறது, அதனால் 5.50 என்பது 5.25 ஆனது. சிலிண்டர் இருப்பதால் டோரிக் லென்ஸ்தான் வேண்டும், அது கண்ணில் சுற்றாமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும், 10 டிகிரி திரும்பினாலே சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றார் அங்கே கண் பவர் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண். நான் சைக்கிள் ஓட்டுகிறேன், குனிந்து மேலே பார்ப்பேன் என்றதும், அப்படியே குனிந்து மேலே பாருங்க சார் என்று சொல்லி, மைக்ரோஸ்கோப் முன்னால் விதவிதமாகப் பார்க்க வைத்து, லென்ஸின் அடியில் இருக்கும் சின்னக் கோடு நகர்கிறதா என்று கவனித்தார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டுபவர்கள் லென்ஸ் பார்க்கப் போனால் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

போடக் கற்றுக்கொள்ள எனக்கு 50 நிமிடம் ஆனது. பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண் ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டு, இன்னொரு ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். விரல் நுனியில் லென்ஸ் கிண்ணம் மாதிரி நின்றால் சரி, விளிம்பு தட்டு மாதிரி விரிந்திருந்தால் உள்வெளியாகத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அது எல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. பிரச்சினை இமைதான். நாற்பது வருடமாகக் கண்ணைக் காத்த இமை, திடீரென்று நம் விரலையே உள்ளே விடு என்றால் விடுமா? லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்கிற பயம் வேறு. போகாது. இமைக்கும் விழிக்கும் நடுவில் சவ்வு மடிந்து அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, அதிகபட்சம் மேல் இமைக்குள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

லென்ஸ் போட்டு முதல் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். முட்டுக்காடு பாலத்தின் மேல் குனிந்து, தலையை நிமிர்த்தாமல், கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். இடது பக்கம் கடல், வலது பக்கம் கழிமுகத்தில் படகுகள், ஃபிரேம் எதுவும் குறுக்கே இல்லாமல் ஓரம் வரைக்கும் தெளிவாக! கொஞ்சம் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சந்தோஷம் திருவிடந்தை வரைதான். காற்று. கண்ணாடி இருந்தவரை அது ஒரு தடுப்பாகவும் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டுகிறோம், சாலையை உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டும்போது அது நன்றாகக் குறைந்துவிடுகிறது, எதிர்க்காற்று மிச்சமிருக்கும் கண்ணீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. லென்ஸ் காய்ந்து, ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் இமையில் உரசி, ஒரு கட்டத்தில் வலது லென்ஸ் மடிந்து கன்னத்தில் விழுந்துவிட்டது. மீதி வழியை ஒரு கண்ணில் ஓட்டினேன். லென்ஸே கண்ணைப் பாதுகாக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும்தான். காப்பதற்கு மேலே ஒரு கண்ணாடி வேண்டும்.

அந்த மேல் கண்ணாடியைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் செலவானது. முதலில் கறுப்புக் கூலிங் கிளாஸ். கிளம்புவது இருட்டில் என்பதால் முதல் ஒரு மணி நேரம் அது சட்டைப் பையில்தான் இருக்கும், பூச்சி வருவதும் அந்த நேரத்தில்தான். அடுத்து போலரைஸ்டு. கடல் பக்கத்து மினுக்கத்தை அருமையாக அடக்கியது, கூடவே ஈரத் தார்ச்சாலையின் பளபளப்பையும் அடக்கிவிட்டது. எண்ணெய் சிந்தியிருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று நமக்குக் காட்டுவதே அந்தப் பளபளப்புதான். தவிர, மொபைல் திரை ஒரு கோணத்தில் கறுப்பாகிவிடும். அப்புறம் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வெல்டிங் பட்டறை ஆட்கள் வாங்கும் வெள்ளைப் பாலிகார்பனேட் சேஃப்டி கண்ணாடி வாங்கினேன். இருப்பதிலேயே மலிவு, கல் வந்து அடித்தாலும் தாங்கும், பக்கவாட்டிலும் மூடியிருக்கும். ஓடும்போது பிரமாதம். சிக்னலில் நின்றால் இட்லிப் பானை மூடி மாதிரி ஆவி பிடித்துவிடும், காற்று போக வழியே இல்லை.

கடைசியில் நின்றது ஒரு போட்டோகுரோமிக் கண்ணாடி. இருட்டில் கிட்டத்தட்ட வெள்ளை, வெயிலில் தானாகக் கறுக்கும், மேலே புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று போக இடம். அது கறுப்பது புற ஊதாக் கதிரால், சூடு அதிகமானால் முழுதாகக் கறுக்காது, எனவே நம் ஊர் மே மாதத்தில் விளம்பரத்தில் காட்டுகிற அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அது போதும். ஒன்று சொல்கிறேன், எந்தக் கண்ணாடி வாங்கினாலும் வீட்டில் டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதற்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காற்று கீழிருந்து நுழைந்து சுழல்வது உடனே தெரியும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் மோசம்.

கண்ணாடி விஷயம் ஒருவழியாக முடிந்தது. ஆனால் எனக்கு வந்த உண்மையான தொல்லைகள் எல்லாம் காற்றாலோ பூச்சியாலோ வந்தவை இல்லை. என் கையால் வந்தவை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே பஜ்ஜிக்கு மிளகாய் கீறிக் கொடுத்தேன். கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். ராத்திரி லென்ஸ் கழற்ற விரலைக் கண்ணில் வைத்தேன். அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை. அப்போது மாதாந்திர லென்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன், இரவு முழுக்க சொல்யூஷனில் ஊறிய பிறகும் காலையில் அதே எரிச்சல், இருபது நாள் மிச்சமிருந்த லென்ஸைக் குப்பையில் போட்டேன். இன்னொரு முறை சன்ஸ்கிரீன். முகத்துக்குத் தடவிவிட்டு அதே விரலால் லென்ஸ் போட்டால் உலகமே நெய் தடவிய மாதிரி தெரியும். இப்போதெல்லாம் முதலில் லென்ஸ், பிறகுதான் மற்றதெல்லாம். கழற்றும்போது, அதற்கு முன் சமையலறைப் பக்கமே போவதில்லை. (வீட்டில் இதை ஒரு சாக்கு என்கிறார்கள்.)

பெரிய தப்பு ஆடி மாதத்தில் நடந்தது. கோவளம் தாண்டிப் பின் சக்கரம் பஞ்சர். லாரி டயர் வெடித்தால் சிதறும் மெல்லிய கம்பி இருக்கிறதே, அது குத்தியிருந்தது. சரிசெய்துவிட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை, தார்ப்பாய் மூடாத ஒரு டிப்பர் எங்களைக் கடந்தது, பின்னாலிருந்து எம்சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், கொட்டியது. பஞ்சர் பார்க்கக் கழற்றிய கண்ணாடியை ஹெல்மெட்டில் செருகியவன் திரும்ப இறக்கவே இல்லை. வலது கண்ணில் ஒரு துகள், நேராக லென்ஸுக்கு அடியில். கூட வந்த ஒரு அண்ணன், தேய்க்காதே, தண்ணியை ஊத்து என்றார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தேன், செயின் கறுப்பு போகவில்லை. லென்ஸைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் அலசி, திரும்பப் போட்டுக்கொண்டேன். கேட்டால், 30 கிலோமீட்டர் வீட்டுக்குப் போக வேண்டுமே, வேறு கண்ணாடி எடுத்து வரவில்லையே என்று காரணம் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிழியின் ஓரத்தில் சின்னதாக வெள்ளைப் புள்ளி, நடுவில் கீறல். டாக்டர் திட்டவில்லை, பாட்டிலில் என்ன தண்ணீர் என்று மட்டும் கேட்டார். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், எதுவும் லென்ஸில் படக்கூடாது, தண்ணீரில் அகாந்தமீபா என்று ஓர் உயிரி இருக்கலாம், அது லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் போனால் மாதக்கணக்கில் வைத்தியம், சிலருக்குப் பார்வையே போகும் என்றார். எனக்கு வந்தது அது இல்லை, பாக்டீரியா. முதல் இரண்டு நாள் மணிக்கொரு முறை சொட்டு மருந்து. கண்ணைக் கட்டிவிடுங்கள் என்று நான் கேட்டதற்கு, லென்ஸ் போடுபவர் கண்ணைக் கட்டினால் கிருமிக்குத்தான் வசதி என்று மறுத்துவிட்டார். ஒரு மாதம் லென்ஸ் கிடையாது, மூன்று வாரம் சைக்கிளும் கிடையாது.

அதன்பிறகு தினசரி லென்ஸுக்கு மாறினேன். காலையில் போட்டு, வந்ததும் எறிந்துவிட வேண்டியதுதான். டோரிக்கில் ஒரு ஜோடிக்கு ஒரு நல்ல மதியச் சாப்பாட்டின் விலை ஆகிறது. தினமும் போட்டால் கட்டாது, வாரம் இரண்டு நாள் ஓட்டுபவனுக்குக் கட்டும். டப்பா இல்லை, சொல்யூஷன் இல்லை, வழியில் தூசி விழுந்தால் கழற்றி எறிய மனசும் வரும். அலசிப் போடும் சபலத்துக்கு இதுதான் மருந்து. சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் இப்போது ஒரு ஜோடி லென்ஸ் கூடுதலாக இருக்கிறது, பிரிசர்வேட்டிவ் இல்லாத கண் சொட்டு இரண்டு, பேப்பர் சோப்பு ஒரு கட்டு. பேப்பர் சோப்பு பள்ளிக்கூடத்துக் காலத்துக்குப் பிறகு இப்போதுதான் வாங்கினேன், வாசனை மாறவே இல்லை. சானிடைசர் வேண்டாம், அந்த ஈரம் விரலில் மிச்சமிருந்து கண்ணில் பட்டால் மிளகாய்க்கு அண்ணன். பழைய பவர் கண்ணாடியும் ஒரு கெட்டி டப்பாவில் கூட வருகிறது. சாலையில் கண்ணில் ஏதாவது விழுந்தால் லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டிக்கொள்கிறேன். கை சுத்தமாகிற இடம் வந்தால்தான் புது லென்ஸ்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று இருக்கிறது. கிட்டப்பார்வைக்காரர்கள் நாற்பதைத் தாண்டிய பிறகு லென்ஸுக்கு மாறினால், பக்கத்தில் பார்ப்பது கண்ணாடியில் இருந்ததைவிடக் கஷ்டமாகும். மைனஸ் கண்ணாடி கிட்டே பார்க்கக் கொஞ்சம் ஒத்தாசை செய்துகொண்டிருந்தது, லென்ஸ் அதைச் செய்வதில்லை. சாலை முழுக்கத் தெளிவு, ஆனால் கைப்பிடியில் இருக்கும் மீட்டரில் 8-ஆ 6-ஆ தெரியாது. டயருக்குள் குத்தியிருக்கும் முடி போன்ற கம்பியை அந்தக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா? அன்றைக்கு விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன், விரலில் அவ்வளவு கறுப்பு ஏறியதும் அதனால்தான். கிட்டப் பார்க்க வசதியாக ஒரு கண்ணுக்கு மட்டும் பவரைக் குறைத்துத் தரவா என்று ஆப்டோமெட்ரிஸ்ட் கேட்டார். லாரிகளுக்கு நடுவில் ஓட்டுபவனுக்கு இரண்டு கண்ணும் ஒன்றாகத் தூரம் பார்ப்பதுதான் நல்லது என்று வேண்டாமென்றேன். மீட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன். பஞ்சருக்காக பிளஸ் 1.50 ரீடிங் கிளாஸ் ஒன்று, மடிக்கிற மாதிரி, அதுவும் பையில்.

ஆக, கண்ணாடியைத் தொலைக்க வேண்டும் என்று கிளம்பியவன் இப்போது மூன்று கண்ணாடியோடு போகிறேன். ஒன்று முகத்தில், இரண்டு பையில். எங்கள் குழுவில் என் சீட்டுப் பைக்குக் கண்ணாடிக் கடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் லென்ஸ் போடுவதில்லை. மழை என்றால் முன் சக்கரம் அடிக்கும் சேற்றுத் தண்ணீர் எந்தக் கண்ணாடிக்கு அடியிலும் நுழைந்துவிடும், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பழைய கண்ணாடிதான், துளித்துளியாக நனைந்து. முட்டுக்காட்டில் ஒரு பாலம் நாலு பாலமாகத் தெரிகிறது. நடுவில் இருப்பதைப் பார்த்து மெதுவாகப் போய்விடுகிறேன்.